பரஸ்பர சம்மதம்

ஆக்சிஜன் சிலிண்டரை இரண்டு ஆட்கள் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா விவாகரத்து கேட்டாள்.

சுவரில் இடிக்காமல் தூக்கும்படி அந்த ஆட்களிடம் சொல்லிவிட்டு, அதே மூச்சில் மகள் பக்கம் திரும்பி, தனக்கும் அப்பாவுக்கும் ஒரு மனு எழுத வேண்டும் என்றாள். சிலிண்டரின் அடிப்பாகத்துக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்த மகள், ஏதோ வீட்டு வரி விவகாரம் என்று நினைத்து, அப்புறம் எழுதலாம் என்றாள்.

"அப்புறம்னா எப்ப? டாக்டர் சொன்னது உன் காதுல விழலையா?" என்றாள் அம்மா. "விவாகரத்து மனு. உங்கப்பா இருக்கும்போதே வேணும்."

டாக்டர் காலையில் வந்து பார்த்துவிட்டு, படியிறங்கும்போதே சொல்லியிருந்தார். நுரையீரல் கைவிட்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அலைக்கழிப்பதில் பயனில்லை, இன்று தாண்டுவது கஷ்டம். வெளியூரில் இருந்த தம்பிக்குச் சொல்ல, அவனும் பஸ் ஏறிவிட்டான். செய்ய வேண்டியது எல்லாம் செய்தாயிற்று என்று மகள் நினைத்திருந்த நேரத்தில்தான் அம்மாவுக்கு இது தோன்றியது.

மகள் சாதாரண வக்கீல் இல்லை. குடும்ப நீதிமன்றத்தில் தலை நரைக்கும்வரை நின்றவள். கோர்ட் வட்டாரத்தில் அவளுக்குக் கத்திரிக்கோல் என்று பெயர். அதை அவள் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. கத்திரிக்கோல் நேராக வெட்டும், கிழிக்காது என்பாள். இருவரும் ஒத்துக்கொண்டு பிரிகிற வழக்குகளை மட்டும்தான் எடுப்பாள். கோர்ட் பாஷையில் அதற்குப் பரஸ்பர சம்மதம் என்று பெயர். அந்தப் பரஸ்பரத்தை உண்டாக்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அவள் வேலை செய்யும் விதம் இப்படி. அலுவலகத்தில் முன்னறையில் கணவன், ஃபைல் அடுக்கிய பின்னறையில் மனைவி. எல்லாம் பேசி முடியும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. இங்கே சொன்னதை அங்கே, அங்கே சொன்னதை இங்கே என்று அவள்தான் நடப்பாள். நடக்கிற வழியில் சொற்களைக் கழுவி எடுத்துக்கொண்டு போவாள். ஒரு தம்பதி, வீடு நகையெல்லாம் ஒரே நாளில் பிரித்துக்கொண்டு, ஒரு செருப்பு ஸ்டாண்டுக்காக மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். கடைசியில் கணவன் வெறுத்துப்போய், "அந்த ஸ்டாண்டை அவளே தலையில கட்டிக்கிட்டு அழட்டும்" என்றான். வக்கீல் பின்னறைக்குப் போய், ஸ்டாண்டை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று அவர் மனசு வந்து சொல்கிறார் என்றாள். அந்தப் பெண் கண் கலங்கி, போனால் போகிறது, வாஷிங் மெஷினை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். இப்படித்தான் ஊரில் பல பேர் கௌரவமாகப் பிரிந்தார்கள்.

இந்த வித்தையை அவள் சட்டக் கல்லூரியில் கற்கவில்லை, இந்த வீட்டில்தான் கற்றாள். அப்பா மாடியிலும் அம்மா கீழேயும் இருந்துகொண்டு பேச்சை நிறுத்திப் பதினாறு வருடம் ஆகிறது.

அம்மா கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆகியும் கணக்கு அவளை விடவில்லை. அப்பா கண்ணாடிக் கடை வைத்திருந்தார், கண் பரிசோதனையும் அவரே செய்வார். தம்பியின் கல்யாண விருந்தில் அப்பா மைக்கைப் பிடித்து நன்றி சொன்னார். "பன்னிரண்டு மேசை, மேசைக்கு எட்டுப் பேர், ஆக நூற்றுநான்கு பேர் வந்து வாழ்த்தியிருக்கிறீர்கள்" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். முதல் வரிசையிலிருந்து அம்மா, "தொண்ணூத்தாறு. உக்காருங்க" என்றாள். அவரும் உட்கார்ந்துவிட்டார். மண்டபமே சிரித்தது, சம்பந்தி வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். மறுவாரம் அப்பா மகளின் அலுவலகத்துக்கு வந்து, கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கு விடுதலை வாங்கித் தரும்படி கேட்டார். அம்மா ஒத்துக்கொண்டால்தான் முடியும் என்று மகள் சொன்னாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. செத்தாலும் தர மாட்டேன் என்றாள். அப்பா படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அடுத்த தெருவில் குடியிருந்த மகளுக்கு அன்றிலிருந்து இரண்டு வேலை. அந்தப் பொம்பளைக்குக் காது செவிடா, டிவியை ஏன் அலற விடுகிறாள் என்று அப்பா கேட்டால், கீழே வந்து, அப்பாவுக்குத் தலைவலியாம் என்பாள். தலைவலி என்றால் ஒரேயடியாகப் போய்ச்சேரச் சொல் என்று அம்மா சொன்னால், மேலே போய், மாத்திரை போட்டுக்கச் சொன்னாங்க என்பாள். இதனால் வீட்டில் ஒரு அமைதி இருந்தது. பேச்சில்லாத அமைதிதான், ஆனாலும் அமைதி.

ஒரே ஒரு விதிவிலக்கு. கண்ணாடியின் பவர் மாறும்போதெல்லாம் அம்மா கடைக்குப் போய் அப்பாவின் எதிரே அந்த உயர நாற்காலியில் உட்காருவாள். அவர் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இதுவா, இதுவா என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். அம்மாவும் சுவரைப் பார்த்து, முதல், இரண்டாவது என்பாள். பலகையில் உள்ள எழுத்துகளை மேலிருந்து கீழாகச் சத்தமாக வாசிப்பாள். அது பேச்சில் சேர்த்தி இல்லை என்று இருவரும் வைத்துக்கொண்டார்கள். வேறு கடைக்குப் போகக் கூடாதா என்று மகள் ஒருமுறை கேட்டதற்கு, மற்ற கடைக்காரர்களுக்குத் தொழில் தெரியாது என்று அம்மா முகத்தில் அடித்தாற்போல் சொன்னாள்.

இப்போது அந்த அம்மா சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்து, எழுது என்கிறாள். மகள் சட்டத்தை எடுத்துச் சொன்னாள். இரண்டு பேரும் நீதிபதி முன்னால் போய் நிற்க வேண்டும், யோசிக்க அவகாசம் கொடுப்பார்கள், அதற்கே மாதக்கணக்காகும், நடுவில் ஒருவர் இல்லாமல் போனால் வழக்கே இல்லை. அம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உங்கள் கோர்ட் யாருக்கு வேண்டும், காகிதத்தை அவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

"எதுக்கும்மா இப்ப?"

"நாளைக்கு வர்றவங்கல்லாம் என் கையப் பிடிச்சுக்கிட்டு பாவம் பாவம்பாங்க. பேச்சுவார்த்தையே இல்லாத மனுஷனுக்கு நான் எதுக்குப் பாவம்?"

மகளுக்குக் கோபம் தலைக்கேறியது. மேலே ஒருவர் மூச்சுக்குத் தவிக்கும்போது கீழே இப்படி ஒரு வீம்பா என்று நினைத்தாள். கட்சிக்காரர்களிடம் ஒருநாளும் கோபப்படாதவள், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு மேசை விரிப்பின் ஓரத்தை நீவியபடி, வேறு குரலில் பேசினாள்.

"என்கிட்ட அவர் எதுவுமே கேட்டதில்லடி. சாப்பாட்டுக்கு உப்புகூடக் கேட்டதில்ல. கேட்டது அது ஒண்ணுதான். அதையும் நான் குடுக்கல. குடுக்காமலே அனுப்பிட்டு நாளைக்கு நான் எப்படிச் சோறு தின்பேன்?"

வக்கீல் எழுந்து போய் குமாஸ்தாவுக்கு போன் செய்தாள்.

குமாஸ்தா லேப்டாப்பையும் கையடக்கப் பிரிண்டரையும் தூக்கிக்கொண்டு, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு வந்தார். மாடிப்படி ஏறப் போனவரைத் தடுத்து, மேசையில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னதும் அந்த முகத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தொழில்காரர். வழக்கமான மனுவைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். பிரிவுக்கான காரணம் என்ன என்றார். பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு என்றாள் அம்மா. அவர் வக்கீலைப் பார்க்க, கருத்து வேறுபாடு என்று போடச் சொன்னாள் வக்கீல். கணக்கில் என்ன கருத்து வேறுபாடு என்று அம்மா சண்டைக்கு வந்தாள். அடுத்து, பழக்கதோஷத்தில், குழந்தைகள் யார் பொறுப்பில் என்று கேட்டுவிட்டார். குழந்தைகளில் மூத்தது எதிரில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"பெரியம்மா, இதைக் காலியா விட்டா மனு நிக்காது" என்றார் குமாஸ்தா பணிவாக.

"பையன் என்கிட்ட இருக்கட்டும். இவளை அவர்..." என்று ஆரம்பித்த அம்மா பாதியில் நிறுத்தி, "இவ தன்னைத்தானே பாத்துப்பா" என்றாள்.

அச்சடித்து வந்ததும் அம்மா பேனாவை வாங்கி, கடைசிப் பக்கத்தில் விடைத்தாளுக்கு மார்க் போடுகிற வேகத்தில் கையெழுத்துப் போட்டாள். பக்கத்திலேயே அப்பாவுக்கான இடம் காலியாக இருந்தது. சாட்சிக்கு ஒருவர் வேண்டுமென்று குமாஸ்தாவையும் கூட்டிக்கொண்டு வக்கீல் மாடிக்குப் போனாள்.

அப்பா தலையணைகளில் சாய்ந்து, முகத்தில் மாஸ்க்கோடு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. மூச்சு ஒவ்வொன்றும் படியேறி வருவது போல வந்தது. மகள் விலகிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டாள். வேலை என்று வந்துவிட்டதால் அதற்கு மேல் நிற்காமல், அம்மா ஒரு காகிதம் கொடுத்திருக்கிறாள் என்றாள். அவர் கையை நீட்டிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். முதல் பக்கத்தை முழுதாக வாசித்தார். காரணம் எழுதிய இடத்தில் விரலை வைத்து, கருத்து வேறுபாடா என்பது போல மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மாஸ்க்கை நகர்த்தினார்.

"முடியாதுன்னு சொல்லு."

"அப்பா, நீங்க கேட்டதுதானே."

"அப்பக் கேட்டேன். இப்ப வேணாம். பொண்டாட்டி இல்லாம அனாதையா சாகச் சொல்றியா என்னை?" மாஸ்க்கைப் போட்டு நாலு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி நகர்த்தினார். "கீழ அவ இருக்காங்கிற தைரியத்துலதான் நான் இங்க படுத்திருக்கேன். அப்படியே போய்ச் சொல்லு. உன் பாஷைல மாத்தாத."

மகள் குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" என்றார் அப்பா. அவர் தோள் குலுங்கியதில் குமாஸ்தா பயந்து சிலிண்டரின் திருகைப் பார்த்தார். சிரிப்புதான். "மாத்திரை போட்டுக்கச் சொன்னாளாம். உங்கம்மாவா?"

படியிறங்கும்போது வக்கீலுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருடத் தொழிலில் கழுவத் தேவையில்லாத ஒரு வாக்கியம் இப்போதுதான் கைக்கு வந்திருந்தது. ஒரு சொல் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். அம்மா மேசையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்பா சொன்னதை, அனாதை, தைரியம் உட்பட அப்படியே சொன்னாள்.

அம்மா, பொய் சொல்லும் மாணவியைப் பார்த்து அலுத்துப்போன டீச்சராக, தலையை ஆட்டினாள்.

"என்னதான் சொன்னார், அதைச் சொல்லு."

"இதைத்தாம்மா சொன்னார்."

"தலைவலின்னு வாயத் திறந்து சொல்ற மனுஷனா அவர்? அதையெல்லாம் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தேன்ல, அதான் உனக்கு இவ்வளவு தைரியம். சாகப்போற நேரத்துலயாவது உள்ளதைச் சொல்லக் கூடாதா? திட்டினாரா? திட்டினா திட்டினார்னு சொல்லு. எனக்கு அது போதும்."

கோர்ட்டில் எத்தனையோ நீதிபதிகளை நம்பவைத்தவள் தன் அம்மாவிடம் தோற்றுப்போனாள். சத்தியம் செய்தாள். தம்பி மேல் ஆணையிட்டாள். அம்மா அசையவில்லை. குமாஸ்தா முன்வந்து, தானும் காதால் கேட்டதாகச் சொன்னார். நீங்கள் அவள் எழுதச் சொன்னதை எழுதுகிறவர், அவள் சொல்லச் சொன்னதைச் சொல்வீர்கள் என்றுவிட்டாள் அம்மா. மேலே இருமல் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. மகளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் பொய்யாகச் சொன்னதெல்லாம் நிம்மதியாக நடந்தது, உண்மையைக் கொண்டுவந்த அன்று வீடே அதை வாங்க மறுக்கிறது. நேரம் வேறு போய்க்கொண்டிருந்தது.

"நீயே போய்க் கேளும்மா" என்றாள் கடைசியில். "என்னால முடியல."

அம்மா அந்த மாடிக்கு ஏறியதே இல்லை, அவர் போன நாளிலிருந்து. முழங்கால் வலி என்று காரணம் சொல்வாள். முழங்கால் வலி வந்ததே பின்னால்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் மேசை மேலிருந்த மனுவை எடுத்தாள், பேனாவை எடுத்தாள். "கையெழுத்தை நானே வாங்கிக்கறேன். உனக்கு வேலை தெரியல" என்று எழுந்தாள்.

ஏறுவதற்கு வெகுநேரம் பிடித்தது. ஒரு பக்கம் மகள், பின்னால் குமாஸ்தா. நின்று நின்று மூச்சு வாங்கினாள். நிற்கும் இடத்திலெல்லாம் கைப்பிடியில் விரலை ஓட்டித் தூசியைக் காட்டினாள். திருப்பத்தில் நிற்கும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்து, கலைந்த முடியை ஒதுக்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். குமாஸ்தா நாகரிகமாகச் சுவரைப் பார்த்தார்.

அறை வாசலில் வக்கீல் நின்றுவிட்டாள். அது அவள் தொழிலின் வழக்கம். எல்லாம் பேசி முடித்த பிறகு, கையெழுத்துக்கு முன்னால், கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பாள். சிலர் அப்போது அடித்துக்கொள்வார்கள், சிலர் மனு வேண்டாம் என்று வெளியே வருவார்கள், பெரும்பாலோர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எதுவானாலும் உள்ளே நடப்பது அவளுடையது இல்லை. இன்றும் கதவைச் சாத்தினாள். ஆனால் இன்று மட்டும் காதைக் கதவில் வைத்தாள்.

நாற்காலி இழுபடும் சத்தம். அப்பாவின் குரல், என்ன என்று பிடிபடாமல். "கேக்கல, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று அம்மா. மறுபடி அப்பா, கொஞ்சம் நீளமாக, நிறுத்தி நிறுத்தி. அதற்குப் பிறகு அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா விசும்பலா என்று மகளால் சொல்ல முடியவில்லை. அப்புறம் இருவரும் பேசினார்களா, சும்மா இருந்தார்களா என்பதும் தெரியவில்லை. குமாஸ்தா படியில் உட்கார்ந்து பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வெயில் சுவரில் இறங்கிக்கொண்டே வந்தது.

"உள்ள வா" என்று அம்மா கூப்பிட்டபோது அவள் குரலிலேயே தெரிந்துவிட்டது.

மாஸ்க்கை அம்மாவே கழற்றி வைத்திருந்தாள். அப்பாவின் முகம் சின்னதாக, சுத்தமாக இருந்தது. மகள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தாள். அழுகை அடங்கியதும், அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "உன்னை உடம்பப் பாத்துக்கச் சொன்னார். ரொம்ப அலையாதேன்னார்."

பஸ்ஸிலிருந்து தம்பி அழைத்தான். அம்மா போனை வாங்கி, "உன் பேரைத்தாண்டா சொன்னார். நீ வந்துட்டியான்னு கேட்டுக்கிட்டே இருந்தார்" என்றாள். டாக்டர் வந்து நாடி பார்த்து, ஸ்டெதஸ்கோப்பை மடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார். அப்பா அவரை ஒரு நாளும் மதித்ததில்லை, இவனுக்கு இருமலுக்கும் தும்மலுக்கும் வித்தியாசம் தெரியாது என்பார். அம்மா கைகூப்பி, "நல்லாப் பாத்தீங்கன்னு உங்களைப் பத்திப் பெருமையாச் சொன்னார்" என்றாள். வாசலில் தயங்கி நின்ற குமாஸ்தாவிடம், அவருக்கு டீ கொடுத்தார்களா என்று அப்பா விசாரித்ததாகச் சொன்னாள்.

குமாஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டருக்கும் கலங்கியிருக்கும், தம்பி பஸ்ஸில் அழுதுகொண்டிருப்பான். வக்கீல் மட்டும் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கழுவிய சொல்லைப் பார்த்தால் அவளுக்குத் தெரியாதா? ஒவ்வொன்றும் அவரவர் அளவுக்குச் சரியாக வெட்டியிருந்தது. அவளுக்கு வெட்டித் தந்ததும் அப்படித்தான். அப்பா உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்க நா எழுந்தது, அடக்கிக்கொண்டாள். இந்த வீட்டில் தன் வழியாகப் போகாத முதல் செய்தி அது. போகட்டும், சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது.

டாக்டரை வழியனுப்பிவிட்டு அவளும் குமாஸ்தாவும் திரும்ப மேலே வந்தார்கள். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, கையிலிருந்த காகிதத்தால் அப்பாவின் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். நீளவாக்கில் மடித்திருந்தாள். ஒவ்வொரு வீச்சுக்கும் கடைசிப் பக்கம் விலகி அவள் கையெழுத்தும் பக்கத்தில் இருந்த வெற்றிடமும் தெரிந்து தெரிந்து மறைந்தன.

குமாஸ்தா வக்கீலின் காதருகே குனிந்தார். "மேடம், அது ஒரிஜினல்."

"இருக்கட்டும்" என்றாள் அவள்.

அம்மா இடது கைக்கு மாற்றிக்கொண்டு விசிறினாள்.